சிவப்பு விளக்கும் நீலத் தொப்பியும்

மகேஸ்வரி இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, வாயைப் பாதி திறந்தபடி மேடையில் நின்றாள். சுவரோரம் மூன்று கலர் விளக்கில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாற்பது பேர். அவர்களும் கைகளைத் தூக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

புதிதாக யாராவது அந்த நேரம் எட்டிப் பார்த்திருந்தால், உள்ளே யாரோ துப்பாக்கியோடு நிற்கிறான் என்று நினைத்துப் படியிறங்கி ஓடியிருப்பார்கள்.

துப்பாக்கியெல்லாம் இல்லை. நான்தான் நின்றுகொண்டிருந்தேன், கையில் பெயர்ப் பட்டியலோடு. மகேஸ்வரி ஒரு வாக்கியத்தின் நட்டநடுவில் இருந்தாள். அதை முடிக்க அவளுக்கு இன்னும் நாலைந்து சொற்கள் தேவைப்பட்டிருக்கும். நான் மைக்கை வாங்கி, "நன்றி மகேஸ்வரி, அடுத்து வருபவர்…" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களை இந்தத் தொடரில் வாரம் ஒன்றாக எழுதிவருகிறேன். சரக்கு தீர்ந்துவிடும் என்று பயப்படும் வாசகர்களுக்குச் சொல்கிறேன், இன்னும் நிறைய இருக்கிறது. இது அதில் கொஞ்சம் பெரியது.

மைக்கை ஊதாதீர்

சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும் கட்டடத்தின் மாடியில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஒரு கூட்டம் நடக்கும். 'ஞாயிறு மைக்' என்று பெயர். யார் வேண்டுமானாலும் வரலாம், பாடலாம், கவிதை வாசிக்கலாம், கதை சொல்லலாம், மிமிக்ரி செய்யலாம். ஆரம்பித்தவர்கள் நாங்கள் மூன்று பேர். மற்ற இருவருக்கும் நல்ல குரல். எனக்கு அது இல்லாததால் ஒழுங்குபடுத்தும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

தப்பான ஆளிடம் கொடுத்தார்கள். நான் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் இட்லி வெந்ததா என்று பார்ப்பதற்குக்கூட ஒரு முறை வைத்திருப்பேன். இப்படிப்பட்ட ஆளிடம் நாற்பது பேரையும் ஒரு மைக்கையும் ஒப்படைத்தால் என்ன ஆகும்? விதிமுறைகள் ஆகும்.

முதல் இரண்டு மாதங்களைப் பார்த்த யாரும் விதிமுறைகள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் மைக்கைத் தட்டினார்கள். மீதிப் பேர் ஊதினார்கள். பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் மைக் இல்லாமலே மைக்கில் பேசுவதுபோலப் பேசுவார்கள். இரும்புத் தகடு மேல் இரும்பு விழும் சத்தத்தில் பத்து வருடம் பேசிய தொண்டை, காதல் கவிதையைக்கூட எச்சரிக்கை அறிவிப்புபோல வாசித்தது. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிப் பெண்களோ முகக்கவசத்துக்குள்ளேயே பேசிப் பழகி, மைக்கில் வாயை வைத்தாலும் மூச்சுக்காற்று மட்டும்தான் வந்தது.

வடக்குப்பட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர், வயலை விற்றுவிட்டு இப்போது ஒரு கம்பெனித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர், தன் கவிதையை வாசிக்கும் முன் அதை எழுதிய சூழலை விளக்கினார். விளக்கம் முப்பத்தைந்து நிமிடம். கவிதை நாலு வரி. நாலு வரியும் நன்றாகவே இருந்தன, ஆனால் கேட்க ஆள் இல்லை. ஒருவர் சால்வையோடு வந்து, பாடி முடித்த எல்லோருக்கும் ஒரே சால்வையைப் போர்த்தி, மடித்து வாங்கிக்கொண்டார்.

ஆகவே ஒரு சார்ட்டில் எழுதிக் கதவில் ஒட்டினேன். மைக்கை ஊதாதீர். முன்னுரை ஒரே வாக்கியம். சால்வை வேண்டாம். பாடி முடித்தவுடன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், மற்றவர்களையும் கடைசி வரை உட்கார்ந்து கேட்கவும். மேடையில் இருப்பவரிடம் கீழேயிருந்து கேள்வி கேட்காதீர். ஒருவருக்கு ஐந்து நிமிடம். சிவப்பு வந்தால் நிறுத்து.

கடைசி விதியில்தான் வினை இருந்தது.

விளக்கு வந்த கதை

ஐந்து நிமிடத்தை எல்லோருக்கும் எப்படிப் புரியவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மெயின்டனன்ஸில் வேலை பார்க்கும் மணி ஒரு சாக்குப்பையோடு மாடியேறி வந்தான். எங்கள் பக்கத்து ஆள், இருங்காட்டுக்கோட்டை. பைக்குள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு விளக்கு.

"இன்னா மணி இது?"

"மெஷினு தலைல நிக்குமே, அந்த லைட்டு சார். பழைய சாமான் கடைல கெடந்துச்சு. டைமர் வச்சு ரெடி பண்ணிக்கினு வந்துட்டேன். நாலு நிமிசம் பச்சை, ஒரு நிமிசம் மஞ்சா, அப்பால செவப்பு. நீ ஒண்ணும் பேசவே வாணாம். லைட்டு பேசும்."

பேசத்தான் செய்தது. ஆனால் நாங்கள் நினைத்ததைவிடப் பலமாகப் பேசிவிட்டது.

தொழிற்சாலைக்குள் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். லைனில் சிவப்பு விழுந்தால் அர்த்தம் ஒன்றுதான். எங்கோ தப்பு நடந்திருக்கிறது, எல்லோரும் அப்படியே நில். கையில் ஸ்க்ரூ இருந்தால் இருக்கட்டும், மாட்டாதே. கையைத் தூக்கு. சூப்பர்வைசர் வந்து பார்த்து, பட்டனை அழுத்தி ரீசெட் செய்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதை உடம்பில் ஏற்றிவிடுவார்கள். மூளைக்குத் தெரியும் முன் கைக்குத் தெரிந்துவிடும்.

விளக்கை வைத்த முதல் மாதம், கிதார் வாசித்த பையன் ஒருவன், பாட்டு உச்சத்தில் இருக்கும்போது சிவப்பு விழுந்ததும் தந்தியிலிருந்து இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டான். கீழே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேரும் கையைத் தூக்கினார்கள். பிறகு அப்படி ஒரு சிரிப்பு. மணி எழுந்து போய் பட்டனை அழுத்தியதும் கைதட்டல்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. சிவப்பு விழுந்தால் மேடையிலும் கீழேயும் எல்லோரும் கையைத் தூக்க வேண்டும். மணி ரீசெட் செய்வான், பிறகு கைதட்ட வேண்டும். வெளியூரில் எங்கேயாவது ஓப்பன் மைக் நடத்துகிறவர்கள் வந்து எங்களைப் பார்க்க வேண்டும் என்று பெருமையாகக்கூடப் பேசிக்கொண்டோம்.

பாட்டு பாதியில் நின்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மிமிக்ரி பாதியில் நின்றால் சில சமயம் லாபம்தான். கதை பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

ஆறு மாதம் அடித்த பெயர்

மகேஸ்வரி தென்காசிப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை, கம்பெனி ஹாஸ்டலில் வாசம். ஆறு மாதமாகத் தவறாமல் வந்தாள். வந்ததும் கதவில் இருக்கும் தாளில் பெயரை எழுதுவாள். பத்து நிமிடம் கழித்து அவளே போய் அடித்துவிடுவாள். ஒழுங்காக, ஸ்கேல் வைத்து அடித்ததுபோல ஒரு கோடு. அந்தக் கோட்டுக்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

ஏழாவது மாதம் பெயரை அடிக்கவில்லை. மேடையேறி மைக்கை ஊதாமல், முன்னுரை ஒரே வாக்கியத்தில் ஆரம்பித்தாள்.

"எங்கய்யா நான் கம்பெனியில சூப்பர்வைசர்னு நெனச்சிட்டு இருக்காவ."

அய்யா என்றால் அவள் ஊரில் அப்பா. கூட்டம் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நான்தான் சொன்னேன். சேந்த புதுசுல போன்ல கேட்டாவ, என்ன வேலம்மா பாக்கன்னு. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நாலு ஸ்க்ரூ போடுதேன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. சூப்பர்வைசர்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான். டீக்கடை, ரேஷன் கடை, கோயில் கொடை, ஒரு எடம் பாக்கியில்ல, எல்லாத்துலயும் சொல்லிட்டாவ."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு வேலையைச் சொல்லிவிட்டு கம்பெனியில் வேறு வேலை பார்க்காதவர்கள் ரொம்பக் குறைவு.

"ஒரு நா சொல்லாம கொள்ளாம பஸ் ஏறி வந்துட்டாவ. பை நெறய முறுக்கும் கருப்பட்டியும். கேட்ல செக்யூரிட்டி, யாரைப் பாக்கணும்னு கேட்டதுக்கு, 'சூப்பர்வைசர் மகேஸ்வரியக் கூப்பிடுங்க'ன்னு சொல்லிருக்காவ. செக்யூரிட்டி எங்க லைனுக்குப் போன் அடிச்சிட்டாரு. போனை எடுத்தது யாருன்னா, எங்க நெசமான சூப்பர்வைசர். நிர்மலா மேடம்."

பின்வரிசையில் அதே கம்பெனிப் பெண்கள் மூன்று பேர் "அய்யோ" என்றார்கள். அந்த 'அய்யோ'விலேயே மேடம் எப்படிப்பட்டவர் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"எங்க லைன்ல தும்மணும்னாலும் மேடத்துகிட்ட கேட்டுட்டுத்தான் தும்மணும்."

மஞ்சள் விழுந்தது. மகேஸ்வரி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேகம் கூட்டினாள்.

"மேடம் போனை வச்சிட்டு நேரா எங்கிட்ட வந்தாவ. 'சூப்பர்வைசர் மகேஸ்வரி யாரு?'ன்னு சத்தமாக் கேட்டாவ. லைனே திரும்பிப் பாக்கு. என்னைய மேலயும் கீழயும் ஒரு தடவ பாத்தாவ. பாத்துட்டு, தலையில இருந்த நீலத் தொப்பியக் கழட்டி…"

சிவப்பு.

கைகள் மேலே போயின. அவள் கை, எங்கள் கை, எல்லார் கையும்.

மணி பட்டனை அழுத்தினான். யாரும் கைதட்டவில்லை. "சொல்லட்டும் சார்," என்று ஒரு குரல் வந்தது. "ஒரு வாக்கியந்தானே," என்றது இன்னொன்று. பட்டியலில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும் என்று எனக்குள் இருந்த சூப்பர்வைசர் சொன்னார்.

"ரூல் ரூல்தாங்க," என்றேன்.

அவள் இறங்கிப் போய், கதவில் எழுதியிருந்தபடி, கடைசி ஆள் வரை உட்கார்ந்து கேட்டாள். படியிறங்கும்போது பத்துப் பேர் அவளைச் சூழ்ந்துகொண்டு மீதியைக் கேட்டார்கள். "சிவப்பு விழுந்துட்டுல்லா. அடுத்த மாசம் மைக்லயே சொல்லுதேன்," என்று சொல்லிவிட்டு ஹாஸ்டல் வேனில் ஏறிவிட்டாள்.

மீதிக் கதை, பல கைவண்ணத்தில்

எங்கள் கம்பெனிகளில் தொப்பியின் நிறம்தான் பதவி. ஆபரேட்டருக்கு வெள்ளை, சூப்பர்வைசருக்கு நீலம். இது ரோட்டின் இந்தப் பக்கத்துக் கம்பெனி, அந்தப் பக்கத்துக் கம்பெனி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் நீலத் தொப்பியைக் கழற்றிய நிர்மலா மேடம் அடுத்து என்ன செய்தார் என்பது அந்த வாரம் எல்லோருக்கும் சொந்தப் பிரச்சினையாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை டீக்கடையில் என்னிடம் கேட்டார்கள். "நீங்களும் நீலத் தொப்பிதானே சார், நீங்க சொல்லுங்க."

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். "தொப்பியைக் கழட்டி டேபிள்மேல வச்சுட்டு, உக்காந்து ஹெச்.ஆருக்கு ரிப்போர்ட் எழுதியிருப்பாங்க. பொய்யான பதவியைச் சொல்றது சாதாரண விஷயமா? நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்," என்றேன். டீ கிளாஸை வைத்த விதத்தில் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

சொன்னது ஊகம். வியாழக்கிழமைக்குள் அது செய்தியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மணி வந்து, மேடம் தொப்பியைக் கழற்றி அந்தப் பெண்ணின் முகத்தில் அடித்தார் என்று இருங்காட்டுக்கோட்டையில் பேசிக்கொள்வதாகச் சொன்னான். அடுத்த வாரம் முகத்தில் அடித்தது அப்பாவின் முகத்தில் என்று ஆனது. கருப்பட்டிப் பையைத் தூக்கி எறிந்ததாக ஒரு கிளைக்கதையும் சேர்ந்துகொண்டது.

அடுத்த மாதம் மகேஸ்வரி வரவில்லை. அவள் நாற்காலி காலியாக இருந்தது. வேலையை விட்டு அனுப்பியிருப்பார்களோ? எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்ல வைத்து, பாதியில் இறக்கிவிட்டு, மீதியை ஊராருக்குக் கொடுத்தது நான்தானே. வெளியே போகும் ஒவ்வொரு பாகத்தையும் தடவிப் பார்த்து அனுப்புகிறவன், பாதி முடிந்த ஒன்றை கேட்டைத் தாண்டி அனுப்பியிருக்கிறேன்.

அவள் ஹாஸ்டல் தோழியிடம் விசாரித்தேன். "ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் சார். வேலையெல்லாம் போகல. ஆனா உங்க மேல செம கோவத்துல இருக்கா," என்றாள் அந்தப் பெண்.

வேலை போகவில்லை, வெறும் கோபம்தான் என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையாகவே நிம்மதி.

விட்ட இடத்திலிருந்து

அதற்கடுத்த மாதம் நான் கதவைத் திறக்கும் முன்பே மகேஸ்வரி படியில் உட்கார்ந்திருந்தாள்.

"சார், நீங்க பாதியில நிப்பாட்டுனதால எங்க மேடத்தை ஊரே ஏசுது. கேன்டீன்ல அவுங்க காதுபடவே பேசுதாவ. அவுங்க எங்கிட்ட வந்து, 'நீ என்னாம்மா சொன்ன அங்க?'ன்னு கேட்டாவ. எனக்கு மூஞ்சியத் தூக்கிப் பாக்க முடியல. இன்னைக்கு மொத ஆளு நான். அஞ்சு நிமிசம் வேண்டாம். அரை நிமிசம் போதும்."

"ஹெச்.ஆர். ரிப்போர்ட்டுன்னு மொதல்ல சொன்னது யாருன்னும் எனக்குத் தெரியும்," என்று சேர்த்தாள்.

நான் பட்டியலை எடுத்து, அவள் பெயரை முதலில் என் கையாலேயே எழுதினேன்.

அன்று உட்கார இடமில்லை. படிக்கட்டு வரை நின்றார்கள். மகேஸ்வரி மேடையேறினாள். வணக்கம் இல்லை, முன்கதைச் சுருக்கம் இல்லை. லைன்காரி. மறுபடி லைன் ஓடினால் முதலிலிருந்தா ஆரம்பிப்பார்கள்? மணி பச்சையைப் போட்டதும், இரண்டு மாதத்துக்கு முன் விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து தொடங்கினாள்.

"என் தலையில வச்சாவ."

படிக்கட்டில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என் வெள்ளைத் தொப்பிய எடுத்து அவுங்க போட்டுக்கிட்டாவ. கையில இருந்த ரைட்டிங் பேடையும் பேனாவையும் எங்கிட்ட குடுத்து சொன்னாவ, 'கேட்டாண்ட உங்கப்பா நின்னுகினு கீறாரு. போய்ப் பார்த்துட்டு வா. பதினஞ்சு நிமிசம். பேடைக் கீழ வைக்காத. நடுவுல ரெண்டு வாட்டி வாட்ச்சைப் பாரு. சூப்பர்வைசர்னா பாக்கணும்.'"

மேடத்தின் குரலை அவள் அப்படியே கொண்டுவந்ததில் பின்வரிசைப் பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"நான் திரும்பி வார வரைக்கும் என் எடத்துல நின்னு அவுங்கதான் ஸ்க்ரூ போட்டாவ. ஒண்ணுகூடத் தப்பில்ல. நான் வந்ததும் தொப்பிய வாங்கித் தலையில போட்டுக்கிட்டு, 'இனிமே பொய் சொல்றதுன்னா எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டுச் சொல்லு'ன்னாவ. அவ்வளவுதான். எங்க மேடத்தை யாரும் ஒண்ணும் சொல்லாதிய."

விளக்கு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. மேடையில் இருப்பவரிடம் கீழேயிருந்து கேள்வி கேட்கக் கூடாது என்று எழுதி ஒட்டியவன் நான். முதல் வரிசையிலிருந்து நானே கேட்டுவிட்டேன்.

"அப்பா என்ன சொன்னார்?"

"ரெண்டாவது தடவ வாட்ச்சைப் பாத்ததும், 'நீ போம்மா, ஒனக்கு வேலை கெடக்கும்'னு அவுங்களே அனுப்பிட்டாவ சார்."

கைதட்டல் ஓய்ந்தபோது மஞ்சள் விழுந்துவிட்டது. நான் எழுந்து, மைக்கை ஊதாமல், ஒரே வாக்கியத்தில், ஹெச்.ஆர். கதையைக் கிளப்பியது நான்தான் என்று ஒப்புக்கொண்டு, நிர்மலா மேடத்திடம் அதைச் சொல்லிவிடும்படி மகேஸ்வரியைக் கேட்டுக்கொண்டேன். சார்ட்டில் 'சிவப்பு வந்தால் நிறுத்து' என்பதற்கு முன்னால் 'வாக்கியத்தை முடித்துவிட்டு' என்று மணி பேனாவால் எழுதிச் சேர்த்தான். கையெழுத்து மோசம். அப்படியே விட்டுவிட்டேன்.

ஆனால் அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை. வெட்கமாக இருந்தது. இருபது வருடமாக நீலத் தொப்பி போடுகிறேன். அந்தத் தொப்பியைக் கழற்றினால் அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டபோது எனக்குத் தோன்றியது ரிப்போர்ட் ஒன்றுதான்.

பாபுவின் மாமனார்

ஒரு வாரம் கழிந்திருக்கும். எங்கள் லைனுக்கு கேட்டிலிருந்து போன். ஆபரேட்டர் பாபுவைப் பார்க்க அவன் மாமனார் வந்திருக்கிறாராம். சாப்பாட்டு நேரம் வரை காத்திருக்கச் சொல் என்பதுதான் இருபது வருடமாக என் பதில். வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாயை மூடிக்கொண்டு பாபுவின் இடத்துக்குப் போனேன்.

"மாமனார்கிட்ட என்ன வேலைன்னு சொல்லி வச்சிருக்க?"

பாபு தலையைக் குனிந்துகொண்டான். "குவாலிட்டி இன்ஜினியர் சார்."

தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தேன். அவனுடையதை நான் போட்டுக்கொண்டேன். எனக்குச் சின்னது, காதுக்கு மேலேயே நின்றது. "பேடைக் கீழ வைக்காத. ரெண்டு வாட்டி வாட்ச்சைப் பாரு," என்றேன். அவன் ஓடினான்.

நிர்மலா மேடம் ஒன்றுகூடத் தப்பில்லாமல் போட்டாராம். நான் மூன்று போல்ட் ஒழுங்காகப் போட்டேன். நாலாவது கோணலாக இறங்கியது. திருப்பினேன், வரவில்லை. அழுத்தினேன், இன்னும் கோணியது. தலைக்கு மேலே சிவப்பு விழுந்தது.

லைன் நின்றது. முப்பது பேர் கையைத் தூக்கிக்கொண்டு, சூப்பர்வைசர் வந்து ரீசெட் செய்யக் காத்திருந்தார்கள். நான் வெள்ளைத் தொப்பியோடு, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து காத்திருந்தேன்.